சூரியனும் நிலாவும் சேர்ந்த பெயரெழுத்து: ஓர் அச்சுக்கடை அனுபவம்

300 கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டி மேசையில் வைத்திருந்தேன். சிவப்பு அட்டை, தங்க மை, உள்ளே மேலிருந்து கீழாக இறங்கும் சீன எழுத்துகள். வாங்கிப்போக வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. ஒன்றை எடுத்துப் பிரித்தார், தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் மெதுவாகச் சொன்னார்: "இது நான் இல்லை."

திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர் பெயரின் கடைசி எழுத்து பொதுச் சீனமான மாண்டரினில் 'மிங்', ஹொக்கியனில் 'பெங்'. நான் அடித்திருந்ததும் மிங்தான், ஆனால் வேறு மிங். அவருடையது ஒளியைக் குறிக்கும் எழுத்து. நான் போட்டிருந்தது பறவை கூவுவதைக் குறிக்கும் எழுத்து. காதுக்கு இரண்டும் ஒன்று, கண்ணுக்கு வேறு, பொருளோ சம்பந்தமே இல்லாதது. 300 அட்டையையும் என் செலவில் திரும்ப அடித்தேன். அந்த ஓர் எழுத்து அதற்கப்புறம் என்னை விடவில்லை. அதன் பின்னாலேயே பல வருஷம் போய், தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன். என்னைப்போல அச்சு, டிசைன், பெயர்ப்பலகை வேலை பார்க்கிறவர்களுக்கும், சீன நண்பர்கள், சீன மருமக்கள் உள்ள குடும்பங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நான் மலேசியாவில் பினாங்குக்காரன். தமிழ்ப்பள்ளியில் படித்தேன், அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளி. ஹொக்கியன் தெருவில் வந்த மொழி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, மீ (நூடுல்ஸ்) கடையில் சாப்பிட்டு, ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சுக்கடையில் வேலைக்குச் சேர்ந்து அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டது. பேசுவேன், பேரம் பேசுவேன், ஆனால் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. வாடிக்கையாளர் கொடுக்கும் தாளைப் பார்த்து, உருவத்தை ஒப்பிட்டு, கம்ப்யூட்டரில் தேடிப் பொருத்துவேன். பெரும்பாலும் சரியாகவே வந்ததால், இதிலே என்ன இருக்கிறது என்ற தைரியமும் வந்துவிட்டது.

அன்றைக்குத் தாள் இல்லை. போனில்தான் பெயர் சொன்னார்கள். ரோமன் எழுத்தில் 'மிங்' என்று அடித்தால் அந்த ஒலிக்கு உரிய எழுத்துகள் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். பெயர் என்ற பொருளில் ஒரு மிங். ஒளி என்ற பொருளில் ஒன்று. விதி, உயிர், கட்டளை என்ற பொருளில் ஒன்று (அதன் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், வேறு, ஆனால் கீபோர்டுக்குத் தொனி தெரியாது). உலோகத்திலோ கல்லிலோ பொறித்துவைப்பதைக் குறிக்கும் மிங், அதில் இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் 'பெயர்'. தேயிலைக் கொழுந்து என்று ஒரு மிங். பறவைக் கூவல், அதில் இடப்பக்கம் வாய், வலப்பக்கம் பறவை. இருட்டு, மறுஉலகம் என்ற பொருளிலும் ஒரு மிங் உண்டு. இறந்தவர்களுக்காக இங்கே எரிப்பார்களே காகிதப் பணம், அதன் பெயரில் வருவது அதுதான். அந்த எழுத்து ஒரு கல்யாணப் பத்திரிகையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

ஒளி மிங்கும் பறவை மிங்கும் பொடி எழுத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் உயரமாக ஏதோ ஒன்று. ஒளி மிங்கின் பெட்டிக்குள்ளே மட்டும் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். அந்த ஒரு கோட்டை நான் பார்க்கவில்லை.

திரும்ப அடிப்பதற்கு முன்னால் அந்த அங்கிள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவை வாங்கி, பெரிதாக எழுதிக் காட்டினார். இடப்பக்கம் நாலு கோட்டில் பெட்டி. வலப்பக்கம் ஏணியைப்போல, அடியில் கால் நீண்ட ஓர் உருவம், அதுவும் நாலு கோடு. மொத்தம் எட்டு. எழுதிக்கொண்டே "ரி, யுவே, மிங்" என்றார். ரி என்றால் சூரியன், யுவே என்றால் நிலா. சூரியன்-நிலா-மிங். சீனர்கள் போனில் பெயர் சொல்லும்போது இப்படித்தான் உடைத்துச் சொல்வார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனைக்கும் அதற்குமுன் ஆயிரம் முறை காதில் விழுந்திருக்கும். லீ என்று குடும்பப் பெயர் சொன்னால் "மு ஸு லி", அதாவது மரமும் பிள்ளையும் சேர்ந்த லி. சென் என்றால் "அர் தொங் சென்", காதும் கிழக்கும். லின் என்றால் "இரட்டை மரம்". ஜாங் என்றால் "வில்லும் நீளமும்", அந்த ஒலிக்கே "நில், காலை" என்று உடைக்கும் இன்னொரு ஜாங் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். வூ என்றால் "வாயும் வானமும்".

ஆகவே நான் முதலில் கற்றது இது: சீனப் பெயரை ஒலியை வைத்து வாங்கிக்கொள்ளாதீர்கள். "எப்படி உடைப்பது?" என்று கேளுங்கள். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள், முகம் மலர்ந்து சொல்வார்கள். முடிந்தால் அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் கடையில் அதற்கென்றே ஒரு நோட்டு வைத்தேன். யார் ஆர்டர் கொடுத்தாலும் தன் பெயரைப் பெரிதாக அதில் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். போன் ஆர்டர் என்றால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மலேசிய அடையாள அட்டையில் பெயர் ரோமன் எழுத்தில் மட்டும்தான் இருக்கும், அதைப் பார்த்துச் சீன எழுத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெங் என்று எழுதியிருந்தால் அது ஒளி மிங்காகவும் இருக்கலாம், பொறிப்பு மிங்காகவும் இருக்கலாம், தீ என்ற உறுப்போடு வரும் 'பிங்' என்ற இன்னோர் எழுத்தாகவும் இருக்கலாம்.

இது நடந்து கொஞ்ச நாளில் மாலை வகுப்பு ஒன்றில் மாண்டரின் படிக்கச் சேர்ந்தேன். வயதான ஆசிரியை, நாங்கள் 'லாவ்ஷி' என்று அழைப்போம். இரண்டாவது வாரமே இந்த எழுத்து வந்தது. சூரியனும் நிலாவும் சேர்ந்தால் ஒளி, எளிதாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஞாபகம் வைக்க நல்ல வழிதான். ஆனால் நான் துருவித் துருவிக் கேட்டதில், கதை அவ்வளவு நேராக இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒரு தடித்த அகராதியோடு வந்தார்.

சீன எழுத்துகளின் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஷூ ஷென் என்ற ஹான் காலத்து அறிஞர் செய்த அகராதிதான். கி.பி. 100 வாக்கில் முடித்தார், 9,353 எழுத்துகளை 540 தலைப்புறுப்புகளின் (எழுத்துகளை வகைப்படுத்த உதவும் அடிப்படை உருவங்கள்) கீழே அடுக்கினார். அதில் மிங் எழுத்தின் முதன்மை வடிவத்தில் சூரியனே இல்லை! நிலாவும், 'ஜியோங்' என்ற ஓர் உருவமும்தான் இருக்கின்றன. ஜியோங் என்பது ஜன்னல், வெளிச்சம் உள்ளே வரும் திறப்பு. ஜன்னல் வழியாக அறைக்குள் விழும் நிலா வெளிச்சம், அதுதான் அந்த வடிவம் காட்டும் ஒளி. சூரியனோடு எழுதும் வடிவத்தை அவர் பழைய வடிவம் என்று தனியே குறித்திருக்கிறார்.

எனக்கு அந்த ஜன்னல் ரொம்பப் பிடித்துவிட்டது. சூரியன், நிலா என்றால் வானத்தில் எங்கேயோ இருக்கிற பெரிய விஷயம். ஜன்னல் என்றால் வீடு. மின்சாரம் இல்லாத காலத்து வீட்டில், இருட்டு அறையில், தரையில் விழும் அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்து ஒருவர் 'ஒளி' என்று எழுதியிருக்கிறார்.

ஷூ ஷென் பார்த்திராத இன்னும் பழைய எழுத்துகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1899-இல் வாங் யிரோங் என்ற பெய்ஜிங் அறிஞர் அடையாளம் கண்ட எலும்பு எழுத்துகள் அவை. ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் ஷாங் அரசர்கள் குறி கேட்டு எழுதிவைத்தவை, ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை, ஹெனான் மாநிலத்தின் ஆன்யாங்கில் மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. அவற்றில் இரண்டு விதமும் உண்டு: நிலாவோடு சூரியன், நிலாவோடு ஜன்னல். விடியற்பொழுதைக் குறிக்கவும் அந்த எழுத்து வருகிறது. கிழக்கே வெளுத்தும் மேற்கே நிலா மறையாமல் நிற்கும் பொழுது உண்டே, அதிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், சூரியனும் நிலாவும் ஒரே வானத்தில் இருக்கும் நேரம் அது.

இளைஞர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஜியோங் என்ற ஜன்னல் எழுத்து பல நூறு ஆண்டு யாரும் தொடாமல் கிடந்து, 2008 வாக்கில் சீன இணையத்தில் திடீரென்று உயிர் பெற்றது. சோர்ந்த புருவமும் திறந்த வாயுமாக ஒரு முகம்போல இருப்பதால், சங்கடமான நேரத்தில் போடும் முகக்குறியாக அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

வகுப்பில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. மிங் வெறும் வெளிச்சம் மட்டும் இல்லை. 'மிங்பாய்' என்றால் புரிந்தது. 'மிங்தியன்' என்றால் நாளை, அடுத்து விடியும் நாள். 'ஷி மிங்' என்றால், மிங்கை இழந்தார், அதாவது பார்வை போய்விட்டது. 'த்ஸோங்மிங்' என்றால் கெட்டிக்காரத்தனம். அதில் முதல் எழுத்து காதின் கூர்மை, இரண்டாவது கண்ணின் தெளிவு. லாவ்ஷி மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார், எனக்கோ தமிழில் ஒரு சொல் வந்து முன்னால் நின்றது: விளங்கு. நாம் "விளங்குதா?" என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லுக்கு ஒளிர்வது என்றும் பொருள், புரிவது என்றும் பொருள். விளக்கு அதன் பக்கத்து வீடு. ஒரு சொல்லில் வெளிச்சத்தையும் புரிதலையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த எழுத்தை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இல்லை. ஒரு குழந்தைக்கு மிங் என்று பெயர் வைப்பவர்கள் 'வெளிச்சம்' என்று மட்டும் வைக்கவில்லை, 'நன்றாக விளங்கட்டும்' என்று வைக்கிறார்கள். நம்மூரில் பாட்டிமார் வாழ்த்தும் அதே சொல்.

இந்தக் கண் பார்வை விஷயம் சில வருஷம் கழித்து என்னை ஒரு பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது. ஓர் அம்மா, குடும்ப மலர் ஒன்று அச்சடிக்க வந்தார். தாத்தாவின் பழைய மளிகைக் கடைப் பலகையைப் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தார், தாத்தாவின் பெயரே கடைப் பெயர். அதே மிங், ஆனால் இடப்பக்கப் பெட்டிக்குள் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு. ஒரு கோடு இருந்தால் சூரியன், இரண்டு இருந்தால் கண். பலகையில் விரிசல், பூச்சு உரிந்தது எல்லாம் இருந்ததால் இதையும் ஒரு கீறலாக நினைத்து அழித்துவிடத்தான் கை போனது. பறவை மிங் ஞாபகம் வந்தது, நிறுத்தினேன். மரப் பலகையில் பெயர் செதுக்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும், படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் பார்த்தவுடனேயே இது தவறு இல்லை என்றார். உள்ளே போய்ப் பழைய கல்வெட்டுகளின் அச்சுப்படிகள் உள்ள பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து புரட்டிக் காட்டினார். ஹான் காலத்துக் கல்வெட்டு எழுத்திலேயே கண்ணும் நிலாவுமாக மிங் இருக்கிறது. தூரிகைக் கலைஞர்கள் பின்னாலும் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஜன்னல், சூரியன், கண் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், சொல் ஒன்றுதான்.

அந்த அம்மாவிடம் கேட்டபோது, தாத்தா எப்போதும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார், ஊரில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அப்படி எழுதுவாராம் என்றார். பேரப்பிள்ளைகள் சிலர் தாத்தா தப்பாக எழுதுகிறார் என்றே நினைத்திருந்தார்களாம். அந்தக் கோட்டை நான் அழித்திருந்தால், புத்தகத்தில் தாத்தாவின் கை இருந்திருக்காது. பழைய ஆவணம், கல்லறை, முன்னோர் பலகை இவற்றில் ஓர் எழுத்து அகராதியில் இருப்பதுபோல இல்லையென்றால் திருத்தாதீர்கள். முதலில் குடும்பத்தாரைக் கேளுங்கள், அப்புறம் தூரிகை தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் அந்த வடிவம் பல சமயம் தனி எழுத்தாகவே இருக்கும், நிதானமாகத் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் படமாகவே வெட்டி ஒட்டுங்கள்.

ஒரே எழுத்து ஊருக்கு ஊர் வேறு ஒலியில் நடமாடுவது இன்னொரு விஷயம். பினாங்கு ஹொக்கியனில் பெங், கந்தோனியத்தில் மிங், தியோசூவில் மெங், ஹக்காவில் மின். ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயர் ஒரு மாதிரியும் தம்பி பெயர் வேறு மாதிரியும் பதிவாகியிருக்கும், பிறப்புச் சான்றிதழ் எழுதிய எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. தேசம் தாண்டினாலும் எழுத்து அதேதான். வியட்நாமியப் பெயர்களில் வரும் 'மின்' இதுவே. ஹோ சி மின் என்பது அவர் தானே எடுத்துக்கொண்ட பெயர், 'சி' மனவுறுதி, 'மின்' ஒளி. கொரியாவில் இது 'மியங்'. இ மியங் பாக், இ ஜே மியங் என்ற இரண்டு அதிபர்களின் பெயரிலும் இருப்பது இதே எழுத்து. ஜப்பானில் 'அகிரா' என்ற பெயரைப் பல எழுத்துகளில் எழுதலாம், திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவா எழுதியது இந்த எழுத்தில். 1868-இல் தொடங்கிய மெய்ஜி காலத்தின் 'மெய்' இதுதான். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கும் இதே மிங். ஹாங்காங் பாடகர் லியோன் லாயின் சீனப் பெயர் லாய் மிங். குடும்பப் பெயரையும் சேர்த்து வாசித்தால் 'விடியல்' என்ற ஒரே சொல்லாகிவிடும், எனக்குத் தெரிந்த பெயர்களில் அழகானவற்றில் அது ஒன்று.

பழங்காலத்தில் ஆண்களுக்கு வளர்ந்த பிறகு இன்னொரு பெயர் வைப்பார்கள், முதல் பெயரின் பொருளை அது எதிரொலிக்கும். மூன்று ராஜ்ஜியக் காலத்து மதியூகி ஜூகே லியாங்கின் 'லியாங்' என்றாலே வெளிச்சம், அவருடைய இரண்டாம் பெயர் கோங்மிங், பேரொளி. சீனாவில் பேரரசராகவே ஆண்ட ஒரே பெண் வூ ஸெதியன். 690-இல் அரியணை ஏறியவர், தன் பெயருக்கென்றே புதிதாக ஓர் எழுத்தை வைத்துக்கொண்டார். மேலே மிங், கீழே வெறுவெளி. ஆகாயத்தில் சூரியனும் நிலாவும் நிற்பதுபோல. உச்சரிப்பு 'ஜாவ்'.

பினாங்கில் வளர்ந்தவர்களுக்குப் 'பெங்' வேறு இடத்திலும் பழக்கம். ஏப்ரல் 4 அல்லது 5-ஐ ஒட்டி, சீனர்கள் கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கி, படையல் வைத்து முன்னோரைக் கும்பிடும் 'செங் பெங்'. சாலை நெரிசலுக்குப் பயந்து நாமும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வோம். செங் என்றால் தெளிவு, பெங் அதே ஒளி. மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் பருவத்தின் பெயர் அது. அதே எழுத்துதான் 'ஆ பெங்' என்பதிலும் வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாகரிகம் தெரியாத சீன இளைஞன் என்று கேலியாகச் சொல்லும் சொல்லாக அது ஆகிவிட்டது. நானும் இளவயதில் சொல்லியிருக்கிறேன். அந்த அங்கிள் ஒருநாள் சொன்னார், தன் பிள்ளைகள் பள்ளியில் அப்பா பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டார்களாம். அதன்பிறகு அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன். ஓர் அப்பா, ஓர் அம்மா, பிள்ளை விளங்கவேண்டும் என்று தேடி வைத்த பெயர். அதைக் கேலிக்கு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அச்சு வேலை செய்கிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும், இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது எளிமையாக்கிய எழுத்து, ஆனால் கல்யாணப் பத்திரிகை, பெயர்ப்பலகை, கல்லறை எல்லாம் பெரும்பாலும் மரபு எழுத்தில்தான். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எளிய எழுத்தை மரபு எழுத்தாக மாற்றித் தரும். நமது மிங் இரண்டிலும் ஒரே வடிவம், அதனால் தப்பிக்கும். எல்லா எழுத்தும் அப்படி இல்லை. 'ஹுவாட்' என்பது பினாங்கில் எல்லாருக்கும் தெரிந்த சொல், செழிப்பு, பெயர்களில் நிறைய வரும். எளிய எழுத்தில் செழிப்புக்கும் தலைமுடிக்கும் ஒரே வடிவம். மரபு எழுத்தில் இரண்டும் வேறு. பொத்தானை நம்பினால் செழிப்பு என்று பெயர் வைத்தவர் தலைமுடி ஆகிவிடலாம். ஃபான் என்ற குடும்பப் பெயரும் அப்படியே, மாற்றும்போது 'மாதிரி, வரையறை' என்ற பொருளுள்ள வேறோர் எழுத்தாகிவிடும். பெயர்களை மட்டும் பொத்தானுக்கு விடாதீர்கள். ஒவ்வொன்றாகக் கையால் போட்டு, பெரிய அளவில் ஒரு தாளில் எடுத்து, அந்தப் பெயருக்கு உரியவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மகனிடம் காட்டினால் போதாது. அன்று போனில் பெயர் சொன்னது அந்த அங்கிளின் மகன், அவருக்கும் சீன எழுத்து அவ்வளவாக வாசிக்க வராது.

இன்னொன்று, சீன நண்பர்கள் குழந்தைப் பெயர் பேசும்போது நாம் அன்பாக "தாத்தா பெயரையே வையுங்களேன்" என்று சொல்லிவிடுவோம். நமக்கு அது இயல்பு. பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வருகிறது. என் அண்ணனுக்கு எங்கள் தாத்தா பெயர்தான். சீன வழக்கம் நேர் எதிர். மூத்தவர்களின் பெயரில் உள்ள எழுத்தைச் சின்னவர்களுக்கு வைப்பது மரியாதைக் குறைவு. அரசர் பெயர் என்றால் நாடே அந்த எழுத்தைத் தவிர்க்கவேண்டியிருந்தது. வடக்கே ஷியோங்னு என்ற நாடோடிகளின் நாட்டுக்கு மணம் முடித்து அனுப்பப்பட்ட அழகி வாங் ஜாவ்ஜுனின் பெயரிலுள்ள 'ஜாவ்', பின்னாளில் ஜின் அரச குலத்து முன்னோர் ஒருவரின் பெயராக இருந்ததால், அவரை மிங்ஜுன் என்று மாற்றி எழுதினார்கள். இரண்டுக்கும் பொருள் ஒளிதான், எழுத்து மட்டும் மாறியது.

இந்த எழுத்தைத் தேடிப்போன வழியில் தமிழும் ஓர் இடத்தில் எதிர்ப்பட்டது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த கல்லைக் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடலோடி செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது, 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. படத்தைப் பெரிதாக்கி முதல் வரியைத் தேடினேன். 'தா மிங்' என்று தொடங்குகிறது, மாபெரும் மிங். 1368-இல் ஜூ யுவான்ஜாங் நான்ஜிங்கில் நிறுவி 1644 வரை நடந்த பேரரசு தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பெட்டிக்குள் ஒரு கோடு, பக்கத்தில் நிலா. அதே கல்லில் தமிழ் எழுத்து. அன்று இரவு கடையில் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் முன்பு அந்த அங்கிள் திரும்ப வந்தார். பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது, விருந்துக்கு அட்டை வேண்டும். பையில் சிவப்பு முட்டை இரண்டு எனக்கென்று கொண்டுவந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே நோட்டை இழுத்து, பேனாவை எடுத்து, பேரன் பெயரை எழுதினார். மிங் இல்லை, தாத்தாவின் எழுத்தாயிற்றே. கடைசி எழுத்து 'ஹுய்', வெயிலின் ஒளி. இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் 'படை' என்ற எழுத்து, அது ஒலிக்காக நிற்பது. எழுதி முடித்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்திலேயே தன் பெயரையும் எழுதினார். அப்புறம் பேனா நுனியால் இரண்டு பெயரிலும் இடப்பக்கத்தில் இருந்த அந்தப் பெட்டியை, உள்ளே ஒரு கோடு உள்ள பெட்டியை, மாறி மாறித் தொட்டுக் காட்டினார். பார்த்தேன் அங்கிள் என்றேன். எத்தனை அட்டை என்று கேட்டேன். 300 என்றார்.